தில்லிக்கு வருகிறீர்களா? நான்கு நாள் ஒதுக்குங்கள்

முதலில் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. ஞாயிறு இரவு வந்து இறங்கி, திங்கள் காலை குளித்துக் கிளம்பி, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய உறவினர்கள் எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர் வீட்டார். ஞாயிறு என்றால் சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. குதுப் மினாரும் ஹுமாயூன் சமாதியும் வாரம் முழுவதும் திறந்திருக்கும். எனவே திங்களன்று குதுப், செவ்வாய் பழைய தில்லி, புதன் புது தில்லி, வியாழன் ஹுமாயூனும் நிஜாமுதீனும். இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. வியாழனுக்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. மத்திய அரசு வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குடியிருப்பது ராமகிருஷ்ணபுரத்தில். ஆர்.கே.புரம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். தீபாவளி முடிந்ததும் ஊரிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "ஒரு நாளில் தில்லியைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆக்ரா போய்விடலாமா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

என் அப்பாவை அப்படித்தான் அனுப்பினேன். அவர் வந்திருந்த வாரம் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரே நாளில் ஏழு இடங்கள் காட்டும் சுற்றுலா பஸ் ஒன்றில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம்; விசில் அடித்ததும் ஓடிவந்து ஏற வேண்டும். மாலையில் கால் வீங்கி வந்தவரிடம் எது பிடித்தது என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு பஸ் நின்ற இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் நிழல் நன்றாக இருந்தது என்றார். அதற்குப் பிறகு அவர் தில்லிக்கு வரவில்லை. வருவதற்கான வயதும் அவருக்கு இல்லாமல் போனது. அன்று முதல் யார் வந்தாலும் நான்கு நாள் விடுப்பு எடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சித்தப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இருவருக்கும் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, சித்திக்கு முழங்கால் வலி. அவர்களோடு சுற்றிய நான்கு நாட்களை வைத்தே இதை எழுதுகிறேன். வயதானவர்களால் முடிந்தது எல்லாராலும் முடியும்.

வருவதற்கு நல்ல மாதங்கள் பிப்ரவரி, மார்ச், அக்டோபர். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி ரயிலையும் விமானத்தையும் மணிக்கணக்கில் தாமதமாக்கும்; நம் ஊர் உடம்புக்கு அந்தக் குளிர் தாங்காது. நவம்பரில் காற்று மிகவும் கெட்டுவிடும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும். மே, ஜூனில் 45 டிகிரி வெயில். பிப்ரவரி முடிவில் இலவ மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, உள்ளங்கை அளவுச் சிவப்புப் பூக்களோடு சாலை ஓரங்களில் நிற்கும். தில்லியைப் பார்க்க அதைவிட நல்ல வாரம் எனக்குத் தெரியவில்லை.

தங்குவதற்கு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக இடம் பாருங்கள். கரோல்பாக் நம்மவர்களுக்குப் பழகிய பகுதி. ஊர் சுற்ற மெட்ரோ போதும். 2002 டிசம்பரில் தொடங்கியது; இன்று அது போகாத மூலை குறைவு. பாதைகளுக்கு நிறப் பெயர்கள், முதல் பெட்டி பெண்களுக்கு. நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள், அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பும், தலையை மூட ஒரு துணியும் நான்கு நாளும் கூடவே இருக்கட்டும்.

குதுப் மினாருக்கு விடியற்காலையில் போக வேண்டும். மஞ்சள் பாதையில் அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. ஏழு மணிக்கு உள்ளே போனால் கூட்டம் இருக்காது. இடிந்த வளைவுகளுக்கு நடுவே கிளிகள் கத்திக்கொண்டு பறக்கும். கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர். குதுபுதீன் ஐபக் தொடங்கி, இல்துமிஷ் உயர்த்தி, மின்னல் தாக்கிச் சேதமான மேற்பகுதியை ஃபிரோஸ் ஷா துக்ளக் 1368 வாக்கில் சரிசெய்தார். மேலே வெள்ளைச் சலவைக்கல் தெரிகிறதே, அது அவர் கைவேலை. 1981இல் உள்படிகளில் நெரிசல் ஏற்பட்டுப் பள்ளிக் குழந்தைகள் பலர் இறந்துபோனார்கள். அதிலிருந்து ஏற அனுமதி இல்லை.

சித்தி கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பக்கத்தில் இருக்கும் மசூதியின் தூண்களிடம் போய் நின்றுவிட்டார். சங்கிலியில் தொங்கும் மணி பல தூண்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. "நம் கோயில் மண்டபத்துத் தூண் போல இருக்கிறதே" என்றார். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியது என்று அந்த மசூதியின் கிழக்கு வாயில் கல்வெட்டே சொல்கிறது என்றேன். ஒன்றும் பேசாமல் அந்த மணியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி சிறிது நேரம் நின்றார்.

சித்தப்பாவை இரும்புத் தூணிடமிருந்து பிரித்து அழைத்துவர முடியவில்லை. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய தூண், உயரம் 7 மீட்டருக்குச் சற்று மேல், எடை 6 டன்னுக்கு மேல். சந்திரன் என்ற அரசனைப் புகழும் சமஸ்கிருதக் கல்வெட்டு அதில் இருக்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன்தான் அவன் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். சித்தப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஐப்பசி மழைக்கு வெளியில் போட்ட போல்ட்டு கார்த்திகையில் கழற்ற வராது அம்மா. இது எத்தனை மழை பார்த்திருக்கும்!" என்றார். மரக்கரி போட்டு உருக்கிய அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே மெல்லிய தோல்போலப் படிந்து, துருவை உள்ளே விடாமல் காக்கிறது. இதைச் சொன்னதும் அவர் தூணின் அடிப்பாகத்தில் சம்மட்டி பட்ட மேடுபள்ளங்களை எனக்குக் காட்டினார். இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தே இவ்வளவு பெரிய தூணைச் செய்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அங்கே போய்வருகிறேன், அந்த மேடுபள்ளம் என் கண்ணில் பட்டதே இல்லை.

அன்று மாலை எங்கள் பகுதியில் உள்ள மலை மந்திருக்கு அழைத்துப்போனேன். சிறு குன்றின் மேல் சுவாமிநாதன். உத்தர சுவாமிமலை என்பது கோயிலின் பெயர், 1973இல் குடமுழுக்கு நடந்தது. 'யாமிருக்க பயமேன்' என்று தமிழில் எழுதியிருப்பதை எட்டத்திலிருந்தே வாசிக்கலாம். மயில்கள் உலாவும். தில்லித் தமிழர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை இந்தப் படிகளில் உட்கார்ந்தால் போதும். சித்தியின் முழங்காலுக்குப் படி ஏறுவது சிரமம்தான். நின்று நின்று ஏறிவிட்டார்.

பழைய தில்லிக்கு ஒரு முழு நாள் வேண்டும். வயலட் பாதையில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் எதிரே செங்கோட்டை. ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்தது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: கோட்டைக்குள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அரசர் தனியாக ஆலோசனை நடத்திய திவானி காஸ் மண்டபத்தையும், அரண்மனை அறைகளுக்கு நடுவே நீர் ஓடிய வாய்க்காலையும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். உயிர் இருப்பது எதிரே உள்ள தெருவில்.

அந்தத் தெருதான் சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650இல் அமைத்த கடைவீதி. நடுவே வாய்க்கால் ஓடியது. வழியில் இருந்த குளத்தில் நிலவு விழுந்ததால் நிலவுச் சதுக்கம் என்று பெயர் வந்தது. வாய்க்கால் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இப்போது பகலில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, சைக்கிள் ரிக்‌ஷாவிலோ நடந்தோ போகலாம். "இதைப் போட்டது ஒரு பெண்ணா?" என்று சித்தி கேட்டார். ஆமாம் என்றேன். "அவளை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. வியாழக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

தெரு முனையில் சிவப்புக் கல்லால் ஆன திகம்பர ஜைனக் கோயில். அதற்குள் பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை. பட்டத்து நூலில் இறக்கை அறுந்த புறாக்களுக்குக் கட்டுப்போட்டு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிப் போனால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. ஔரங்கசீப் ஆணைப்படி 1675இல் சீக்கியரின் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் தலை துண்டிக்கப்பட்ட இடம். தெரு முடியும் இடத்தில் ஃபதேபூரி மசூதி. அரை மணி நேர நடையில் இத்தனையும் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பராத்தா சந்து என்று ஒன்று உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய கடைகள். கல்லில் சுடுவதில்லை, இரும்புச் சட்டியில் நெய்யில் பொரித்து எடுப்பார்கள். உருளை, முள்ளங்கி, பட்டாணி என்று உள்ளே வைப்பவை பலவகை. பூசணிக் கறி, ஊறுகாய், புளிப்பும் இனிப்புமாக ஒரு சட்னி. வெங்காயம், பூண்டு கிடையாது. இரண்டு பேருக்கு மூன்று பராத்தா தாராளம்.

அதைவிட முக்கியமானது, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட். சாட் என்ற பெயரைப் பார்த்துக் காரம் என்று எண்ண வேண்டாம், இது இனிப்பு. பாலை இரவுக் குளிரில் வைத்து, விடியுமுன் கடைந்து, பொங்கும் நுரையை மட்டும் வழித்து எடுப்பார்கள். பிரம்பு முக்காலியின் மேல் அகலத் தாம்பாளம், மேலே மெல்லிய துணி. துணியை விலக்கினால் வெளிர் மஞ்சளில் குங்குமப்பூ போட்ட நுரை. கரண்டியால் மேலாக அள்ளி இலைக் கிண்ணத்தில் வைத்து, பொடித்த சர்க்கரையும் கோவாவும் தூவிக் கொடுப்பார்கள். சித்தி ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாயில் போட்டது எங்கே போயிற்று?" என்றார். இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது கிண்ணத்தைத் தன் காசில் வாங்கினார்.

ஃபதேபூரி மசூதியைக் கடந்தால் காரி பாவ்லி, மசாலாச் சரக்கின் மொத்தச் சந்தை. குண்டூர் மிளகாய், கேரளத்து மிளகும் ஏலமும், காஷ்மீர் அக்ரூட்டு. மூட்டை சுமப்பவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள், ஒதுங்கி நிற்க வேண்டும். மிளகாய் நெடியில் இருமாதவர் இல்லை, கைக்குட்டை அவசியம். பாதாமும் அக்ரூட்டும் ஊருக்கு வாங்கிப் போக இதுவே இடம்.

ஜமா மசூதிக்குத் தொழுகை இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். ஷாஜகான் 1650 முதல் 1656 வரை கட்டியது. முற்றத்தில் 25,000 பேர் நிற்கலாம். சித்தி சைவம், அவரோடு நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மட்டும் எதிர்ச் சந்தில் 1913 முதல் நடக்கும் கரீம்ஸில் சீக் கபாபும் ரூமாலி ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்தார். கைக்குட்டை போல மெல்லியதாக மடித்து வைத்த ரொட்டியைப் பற்றி வீடு வரும்வரை பேசினார்.

புதன்கிழமை புது தில்லி. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றும் அறிவிப்பு 1911 டிசம்பரில் வந்தது. புது நகரம் 1931இல் திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு 340 அறைகள். பிப்ரவரி, மார்ச்சில் அங்குள்ள அம்ருத் உத்யான் தோட்டத்தைத் திறந்துவிடுவார்கள், இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தியா கேட்டை இரவு விளக்கில் பார்த்தால் போதும். பகல் நேரத்தைத் தேசிய அருங்காட்சியகத்துக்கும் காந்தி ஸ்மிருதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் மொஹஞ்சதாரோவின் நடனப் பெண் இருக்கிறாள். பாடப்புத்தகத்தில் பெரிய படமாகப் பார்த்துப் பழகியதால் பலர் அவளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உயரம் 10.5 சென்டிமீட்டர்தான், விரித்த கையில் அடங்கிவிடுவாள். இடது கையில் தோள்வரை வளையல், இடுப்பில் வலது கை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு தீஸ் ஜனவரி மார்கில் இருக்கிறது. ஜனவரி 30 என்பதுதான் அந்தச் சாலையின் பெயர். அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல்வரை அவர் கடைசியாக நடந்த வழியில் பாதச் சுவடுகளை அமைத்திருக்கிறார்கள். அதை ஒட்டி நடக்கும்போது யாரும் பேசுவதில்லை. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. இதைப் பார்க்காமல் எத்தனையோ பேர் ஊர் திரும்புகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

மதியம் ஆந்திர பவன் கேன்டீன். சோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்ததும், மூன்று நாள் ரொட்டி தின்ற அலுப்பு தீர்ந்துவிடும். வரிசையில் நிற்கத் தயங்க வேண்டாம், வேகமாக நகரும். பல மாநில உணவு வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மெட்ரோ அருகில் தில்லி ஹாட் இருக்கிறது. கைவினைப் பொருள்களும் அங்கேயே வாங்கலாம்.

இரவுச் சாப்பாடு பங்களா சாஹிப் குருத்வாராவில். எட்டாம் குரு ஹர் கிருஷன் 1664இல் தங்கியிருந்த மாளிகை இருந்த இடம். தலையை மூடி, காலை நீரில் நனைத்து உள்ளே போக வேண்டும். அல்வாப் பிரசாதத்தை இரு கையாலும் வாங்க வேண்டும். லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார்ந்தால் பருப்பும் ரொட்டியும் வரும். ரொட்டியையும் இரு கை ஏந்தித்தான் வாங்க வேண்டும், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு சித்தி சமையற்கூடத்தை எட்டிப் பார்த்தார். அங்கிருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, ரொட்டி தேய்க்கும் குழவியை நீட்டினார். சித்திக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. முக்கால் மணி நேரம் இருவரும் ரொட்டி தேய்த்தார்கள். சித்தி தேய்த்தது நம் வீட்டுச் சப்பாத்தி போல மெலிந்து வர, அந்த அம்மாள் அதை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

வியாழன் பிற்பகல் ஹுமாயூன் சமாதி. நூலகப் படியில் தவறி விழுந்து 1556இல் இறந்தவர் ஹுமாயூன். அவர் விழுந்த கட்டடம் அருகிலேயே புராணா கிலாவில் நிற்கிறது. சமாதியைக் கட்டுவித்தவர் அவர் மனைவி பேகா பேகம். தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்த கட்டடம் இது. மனைவிக்குக் கணவன் கட்டியதை உலகமே அறியும். கணவனுக்கு மனைவி கட்டியது இது. கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் 1857இல் ஒளிந்து, பிடிபட்ட இடமும் இதுவே. நான்கு மணிக்கு மேல் வெயில் சாயும்போது சிவப்புக் கல் நிறம் மாறுவதைப் புல்வெளியில் உட்கார்ந்து பாருங்கள்.

அங்கிருந்து சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் பஸ்தி. ரோஜா இதழும் ஊதுவத்தியும் விற்கும் நெருக்கமான சந்துகள். பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பூ வாங்கும் கடையிலேயே செருப்பை விடலாம். இங்கே அடக்கமான சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா மறைந்தது 1325இல். சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் அதே ஆண்டில் சில மாதங்களில் மறைந்து அருகிலேயே அடக்கமானார். முதலில் குஸ்ரோவை வணங்கிவிட்டுத்தான் குருவிடம் போவார்கள். கருவறைக்குள் பெண்களை விடுவதில்லை, வெளியே சலவைக்கல் சாளரத்தருகே உட்காரலாம். வியாழன் மாலைத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களைப் பாடுவார்கள். வியாழனை விடாதீர்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

பாட்டு தொடங்க நேரம் இருந்தது. சித்தியை முற்றத்தின் ஓரத்தில் சலவைக்கல் சாளரம் சூழ்ந்த ஒரு சிறு அடைப்புக்கு அழைத்துப்போனேன். மேலே கூரை இல்லை. உள்ளே கல்லறையின் மேல்பகுதியில் கல் மூடி இல்லை, மண் மட்டும்; மண்ணில் புல். இதுதான் ஜஹானாரா என்றேன். 1681இல் இறந்தார். தன் கல்லறையைப் பசும்புல் தவிர வேறெதுவும் மூட வேண்டாம், எளியவளுக்கு அதுவே போதும் என்று தலைமாட்டுக் கல்லில் பாரசீகத்தில் எழுதியிருக்கிறது.

சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சாளரத்தின் துளை வழியாக நெடுநேரம் பார்த்தார். யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், மண் இன்னும் ஈரமாக இருந்தது. கையில் வைத்திருந்த ரோஜா இதழ்களைத் துளை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.

"அறுகம்புல்தான்" என்றார்.

பின்னால் ஆர்மோனியத்தைச் சரிபார்க்கும் ஒலி கேட்டது. சித்தப்பா வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.